மதினியும் மேலான அதிகாரமும்

மதினியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் சபையில் அந்தப் பெயரைச் சொன்னாலே இன்றைக்கும் நாலு பேர் உச்சுக்கொட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்துவிடும் வேலை எனக்கு எதற்கு?

என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் பாஸ்டராக இருந்தார். மதினி அவருக்கு அக்கா. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியை வளர்த்து, இறையியல் படிக்கவைத்து, வெள்ளை அங்கியை மாட்டிப் பிரசங்க மேடையில் ஏற்றியவர் அவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி வந்தபோது, சபை கொடுத்த அந்த வீட்டில் மூன்று பேர் ஆனோம். மூன்றாவது ஆள் நான்.

மதினியை விவரிப்பது சுலபம். ஒல்லியான உடம்பு. இழுத்துக் கட்டிய கொண்டை. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலை. சொல்கிறவருக்குச் சொல்ல அதிகாரம் இருந்தால், சொன்னதைச் செய்துவிடுவார். ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். எனக்கு அவரிடம் பிடிக்காமல் போனது அந்தக் குணம்தானா, அல்லது அந்தக் குணத்தை என் வீட்டுக்காரர் அத்தனை மெச்சியதுதானா என்று இப்போதும் எனக்குச் சரியாகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ரயில்வே கேட் சாத்தியிருந்தால் எங்கள் ஊரில் யாரும் நிற்பதில்லை. சைக்கிளைச் சாய்த்துக் கம்பிக்கடியில் தள்ளி, தாங்களும் குனிந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். மதினி நிற்பார். ரயில் போய், கடைசிப் பெட்டியும் மறைந்து, கேட்காரர் யாருடனோ பேசிக்கொண்டு நின்றாலும் மதினி அசையமாட்டார். என் மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் இப்படி நின்றோம்.

"மதினி, ரயிலு இந்நேரம் வடமதுரையத் தாண்டியிருக்கும். குனிஞ்சு போயிருவமா?"

"கேட்டு தெறக்கல பிள்ள."

"தெறக்கலன்னுதான் குனியணும்ங்கிறேன்."

மதினி தன் குடையை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. என் சேலைத் தலைப்பை எடுத்துக் குழந்தையின் தலையில் போட்டேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாக நகர்ந்து போய் அக்காவின் குடைக்கடியில் நின்றுகொண்டார். அன்றைக்கு அடித்த வெயிலை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு கோடையில் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது என்று நகராட்சி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனது. ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓட ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் மட்டும் மதினி மோட்டாரைக் கழற்றி, துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டார். குழாயில் காற்றுதான் வந்தது. தெருக்கோடி அடிபம்பில் நானும் மதினியும் குடம் குடமாக அடித்துத் தூக்கினோம். அவர் வேலைக்குப் போய் வந்து எனக்குச் சரியாகத் தூக்கினார், அதையும் சொல்லிவிடுகிறேன். சபை மக்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? "பாஸ்டரோட அக்காவப் பாத்தியா, எம்புட்டு நேர்மை" என்றார்கள். அதே பம்பில், அதே குடத்தோடு, அதே வியர்வையோடு பக்கத்தில் நானும் நின்றேன். என் நேர்மை யார் கண்ணிலும் படவில்லை.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து குடும்ப ஜெபம் நடக்கும். ஜெபத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் வேதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு விவாதம் பண்ணுவார்கள். பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தில், மேலான அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும், அதிகாரம் எல்லாம் தேவனால் உண்டானது என்று வருகிற பகுதி மதினிக்கு மனப்பாடம். என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே சீண்டுவார்.

"அக்கா, ராசா கெட்டவனா இருந்தாலுமா?"

"பவுல் என்ன நல்ல ராசா காலத்துலயா உக்காந்து எழுதுனாரு?"

"அப்ப பேதுரு? பேசக் கூடாதுன்னு ஆலோசனைச் சங்கத்துல உத்தரவு போட்டாங்க. முடியாது, நாங்க தேவனுக்குத்தான் கீழ்ப்படியணும்னு சொல்லிட்டாருல்ல?"

"சொன்னாரு அப்பு. சொல்லிட்டு அடி வாங்குனாரா இல்லையா? நின்னு வாங்கிட்டுத்தான வந்தாரு. கீழ்ப்படியறதுன்னா சொன்னதச் செய்யறது மட்டுமில்ல. செய்ய முடியாதுன்னா ஓடி ஒளியாம எதுக்க போயி நிக்கிறதும் அதுல சேத்திதான்."

இவர் ரசித்துச் சிரிப்பார். நான் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். என்னோடு இவர் பேசுவது, பால்காரர் வந்தாரா, பையன் சாப்பிட்டானா, அங்கியைத் துவைத்தாயா, அவ்வளவுதான். வேதத்தில் எனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள்தான்.

ஒரு நாள் ஈரக் கையோடு வாசல்படியில் வந்து நின்று நானே சொன்னேன். "எகிப்துல ஆம்பளப் பிள்ளையெல்லாம் கொன்னுபோடுங்கன்னு பார்வோன் சொன்னானே, அந்த மருத்துவச்சிக கேக்கலையே. கர்த்தர் அவுகள ஆசீர்வதிச்சாருன்னுதான இருக்கு."

மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அட, எனக்கு இது தோணல பிள்ள" என்றார். இவர் எதையோ தேடிப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். கேட்டதாகவே தெரியவில்லை.

கேட்டிருக்கிறார். இரண்டு வாரம் கழித்துப் பிரசங்கத்தில் அந்த மருத்துவச்சிகள் வந்தார்கள். "என் அக்கா ஒருமுறை வீட்டில் சொன்னார்கள்" என்று ஆரம்பித்தார். பெண்கள் வரிசையில் எல்லாத் தலையும் மதினி பக்கம் திரும்பியது. மதினி எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், திரும்பி என் முழங்காலைத் தொட்டு, "நான் அவன்ட்டச் சொல்றேன்" என்று கிசுகிசுத்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் வாங்கிக்கொடுத்து எனக்குப் பேர் வர வேண்டுமா?

இனிச் சொல்லப்போவது புரிய வேண்டுமானால் எங்கள் சபை வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியவர் பாஸ்டர். ஆனால் பிறந்த பிள்ளை சாகக் கிடந்து, பாஸ்டர் வந்து சேர நேரமில்லை என்றால், பக்கத்தில் இருக்கிற விசுவாசி யாரும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் அந்த விசுவாசி பெரும்பாலும் நர்ஸாகத்தான் இருப்பார். பெற்றவர்கள் கெஞ்சிக் கேட்டு, மதினி அப்படிச் சில பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துவிடுவார்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு அந்தச் சட்டம் வந்தது. வேறு மதத்திலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொண்டால், சடங்கு நடத்துகிறவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சிறை, அபராதம். பிற்பாடு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். அப்போது எல்லாச் சபைகளிலும் இதே பேச்சு. அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதா, ஆண்டவருக்கா என்று ஆளுக்கொரு வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

எங்கள் வீட்டில் அது வெறும் பேச்சாக இருக்கவில்லை. சின்னாளபட்டிப் பக்கத்திலிருந்து ஒருத்தி ரொம்ப நாளாக எங்கள் சபைக் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தாள். சுங்குடிச் சேலையில் புள்ளி விழ, சாயத்துக்கு முன்னால் முடிச்சுப் போடுகிறவள். புருஷன் இறந்துபோய், ஒரு பெண்பிள்ளையோடு மாமனார் வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் மதினியைப் பார்த்துப் பழகி, அப்படியே கோயிலுக்கு வந்தவள். ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கலெக்டர் ஆபீசுக்குப் பேர் போனால் வீட்டுக்கு விசாரணை வரும். விசாரணை வந்தால் மாமனார் அவளை வெளியே தள்ளி, பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்வார். "எனக்கு எம்பிள்ளையும் வேணும், சாமியும் வேணும்" என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அழுதாள்.

என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். "வர்ற ஞாயித்துக்கெழம குடுக்கப் போறேன். யாருக்கும் தெரிவிக்கப் போறதில்ல. வர்றது வரட்டும்."

இரண்டு பிள்ளைகள். சபை கொடுத்த வீடு. இவர் உள்ளே போனால் நான் எங்கே போவேன்? அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். இவர் அசையவில்லை. யார் சொன்னால் அசைவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வேதனை.

ஊரில் இருக்கிற எல்லா உத்தரவுக்கும் தலையாட்டுகிற மதினி இதில் கட்டாயம் என் பக்கம்தான் நிற்பார் என்று நம்பினேன். வீம்பை விழுங்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். டியூட்டி முடிந்து வந்து, காய்ந்த வெள்ளைச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"மதினி, நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா எடுபடல. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னு வேதத்துல போட்டிருக்குல்ல, அத எடுத்துச் சொல்லுங்க. எம்பிள்ளைகளுக்காகக் கேக்குறேன்."

"மருத்துவச்சிகளச் சொன்னது நீதான பிள்ள?"

"அப்பப் புருசன் ஜெயிலுக்குப் போற நெலமை இல்ல மதினி."

மடித்த சேலையைப் பெட்டியில் வைத்தார்.

"அவன் கையால நடக்கக் கூடாது. அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான் மதினி."

"சரி. நீ போயி பிள்ளைகளுக்குச் சோத்தப் போடு."

வியாழக்கிழமை இவர் வடமதுரைக்கு ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். நான் அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கொல்லைப் பக்கமிருந்து மதினி கூப்பிட்டார். "பிள்ள, ஒரு துண்டு எடுத்துட்டு வா."

துண்டோடு போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் அந்தப் பெண் முழங்காலில் இருந்தாள். மதினி கையில் செம்பு. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிவதற்குள் மதினி அவள் தலையில் கை வைத்துவிட்டார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லி மூன்று தரம் ஊற்றினார். நான் துண்டை நீட்டினேன். அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காலைத் தொட வந்தாள். விலகிக்கொண்டேன்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, மதினி சேலை மாற்றிக்கொண்டு, டவுன் பஸ் பிடித்துக் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். அங்கே ஓர் அதிகாரி முன்னால் நின்று, நான் ஒருத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன், தெரிவிக்க வந்தேன் என்றாராம். அதிகாரி அந்தப் பெண்ணின் பெயர், ஊர் கேட்டிருக்கிறார்.

"அதச் சொல்ல மாட்டேன் சார்."

"சட்டப்படி சொல்லித்தாம்மா ஆகணும்."

"தெரியும் சார். அதான் நேரா வந்திருக்கேன். சொல்லாததுக்கு என்ன தண்டனையோ அத எனக்குப் போடுங்க."

அந்த மாதிரி ஓர் ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். மறுநாளும் வரச் சொன்னார்கள். போனார். யாரோ என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல, மறுநாள் முழுக்க இவரும் அந்தப் பெஞ்சில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஆள் இல்லை, நான்தான் ஓடினேன். என் இரண்டாவது பிரசவத்துக்கு, நற்செய்திக் கூட்டம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரி வாசலோடு என்னை விட்டுவிட்டுப் போனவர் இவர். அக்காவுக்காக ஆபீஸ் கதவு சாத்துகிறவரை உட்கார்ந்திருக்க முடிந்தது.

வழக்கு, சிறை என்று ஏதும் ஆகவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு மெமோ வந்தது, பதவி உயர்வை நிறுத்தினார்கள், சிறுமலையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். கலெக்டர் ஆபீசைவிட எங்கள் சபைக் கமிட்டிக்குத்தான் அதிகக் கோபம். சாகக் கிடக்காத ஆளுக்கு, பாஸ்டர் இருக்கும்போது, ஒரு பொம்பளை எப்படிக் கொடுக்கலாம்? சபை முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "சபையும் அதிகாரம்தான" என்று எழுந்து நின்று, ஒழுங்கை மீறியதற்கு மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆனா குடுத்தது குடுத்ததுதான்" என்றும் சொல்லி உட்கார்ந்தார். மறுபடி பாஸ்டர் கையால் கொடுக்க வேண்டும் என்று கமிட்டி சொன்னது. ஞானஸ்நானம் ஒரு தரம்தான் கொடுக்கிறது என்று என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். அந்தப் பெண்ணின் பிள்ளை அவளிடமே இருந்தது.

வீடு கைவிட்டுப் போகவில்லை. புருஷன் பத்திரமாக இருந்தார். நான் கேட்டது எல்லாம் நடந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமைதோறும் இவர் சிறுமலை பஸ்ஸுக்காகக் காலையிலேயே போய் நின்றார். திரும்பும்போது மதினி கொடுத்ததாக மலைப்பழச் சீப்பு வரும். பிள்ளைகள் போட்டி போட்டுத் தின்னும். நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. தம்பிக்காகத் தன் உத்தியோகத்தையே பணயம் வைத்த பெண்ணுக்கு முன்னால், அழுது அடம்பிடித்த பெண்டாட்டி எந்த மூலைக்கு? இவர் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததுதான் என்னைத் தின்றது.

சட்டத்தைத் திரும்பப் பெற்ற பிறகு, மேல்முறையீடு செய்து மலையிலிருந்து கீழே வந்துவிடும்படி பலரும் சொன்னார்கள். போட்ட இடத்தில் இருக்கிறேன் என்றுவிட்டார் மதினி. இவர் எத்தனையோ தரம் கூப்பிட்டு ஓய்ந்து, "நீ ஒரு தடவ போயிக் கூப்பிடு" என்று என்னிடம் சொன்னார். கூப்பிடும் எண்ணத்தோடு நான் போகவில்லை. நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன்.

குவார்ட்டர்ஸ் முற்றத்தில் யாரோ கொடுத்த மிளகைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"ஒன்னு கேக்கணும் மதினி. இம்புட்டையும் அவருக்காகத்தான செஞ்சீக?"

"அவனுக்காகன்னா அவன் போக்குல விட்டிருப்பேன் பிள்ள. ஜெயிலுக்குப் போறேன்னு துணிஞ்சு நின்னான். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அவன எதுக்கு நான் தடுக்கணும்?"

"பின்ன?"

"நீ வந்து கேட்டல்ல." மிளகைக் கையால் பரப்பினார். "பத்து வருசமா ஒரே வீட்டுல இருந்தோம். ஒரு வாய் தண்ணி மோந்து குடுங்கன்னுகூட நீ எங்கிட்டக் கேட்டதில்ல. அன்னைக்குத்தான் மொத தடவ வந்து ஒன்னு கேட்ட. எப்படிப் பிள்ள இல்லைங்கிறது?"

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றியது. இவருக்காக நான் மதினியோடு அத்தனை வருஷம் போட்டி போட்டிருக்கிறேன், மதினி போட்டியிலேயே இல்லை.

வீட்டு வாசலில் இவர் காத்துக்கொண்டிருந்தார். "அக்கா என்ன சொல்லுச்சு?" என்றார்.

"கீழ வரமாட்டாகளாம்" என்றேன்.

"வேற ஒன்னும் சொல்லலையா?"

"இல்ல."

இன்றுவரை இவரிடம் அதைச் சொன்னதில்லை. மதினி எனக்குச் சொன்னது அது. அதில் இவருக்கு எதற்குப் பங்கு?